இருத்தலும் இருத்தல் நிமித்தமும்

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கிப் பணிபுரிய உரிமை தரும் அட்டையைக் கிரீன் கார்டு என்கிறோம். 1964இல் அதன் பச்சை நிறத்தைக் கைவிட்ட அரசு, 2010இல்தான் மறுபடியும் பச்சைக்குத் திரும்பியது. இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளும் அது நீலமாகவும் வேறு நிறங்களிலும் இருந்தது. ஆனாலும் ஊர்வாய் அதைப் பச்சை என்றே சொல்லிவந்தது. விதிகள் மாறினாலும் அவற்றைப் பற்றிய நம் எண்ணங்கள் எளிதில் மாறுவதில்லை என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னுமா வரலை?" திருமண மண்டபத்துப் பந்தியில், திருச்சி சந்திப்பின் நடைமேடையில், மருத்துவமனையில் படுத்திருக்கும் பெரியப்பாவின் கட்டிலருகில் என்று எங்கும் அது வரும். கேட்பவர்களின் குரலில் அன்பு உண்டு. இவர்கள் ஏதோ ஒரு தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள் போலும் என்ற ஐயமும் உண்டு. ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் இடையே சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆகவே இங்கே எழுதிவைக்கிறோம்.

நாங்கள் இருவரும் 2013 ஜனவரியில், மூன்று வயது மகளோடு நியூ ஜெர்சிக்கு வந்தோம். எங்களில் ஒருவர் மென்பொருள் துறையில் ஹெச்-1பி விசாவில்; நண்பர்கள் மொழியில் சொன்னால், பொட்டி தட்டுபவர். மற்றவர் வேதியியல் முதுகலை படித்தவர். துணைக்கு வருவோருக்கான ஹெச்-4 விசாவில் வந்து, முதல் நான்கரை ஆண்டுகள் எந்தச் சம்பளமும் வாங்க அனுமதியின்றி இருந்தவர். மகன் 2014இல் இங்கேயே பிறந்தான். ஒரே வீட்டில், ஒரே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடும் நால்வரில் ஒருவன் மட்டும் அமெரிக்கக் குடிமகன்.

*

வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டுக்கு மூன்று படிகள். இந்த வேலைக்குத் தகுதியான உள்ளூர்க்காரர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் விளம்பரம் செய்து தேடிப் பார்த்து, தொழிலாளர் துறையிடம் சான்று பெறுவது முதற்படி. 2005 முதல் இதற்குப் பெர்ம் என்று பெயர். இவரையே வேண்டுகிறோம் என்று ஐ-140 என்னும் மனுவை நிறுவனம் கொடுப்பது இரண்டாம் படி. ஐ-485 என்னும் விண்ணப்பத்தை நாமே கொடுத்து அட்டையைப் பெறுவது மூன்றாம் படி. முதல் இரண்டு படிகளையும் ஓரளவு விரைவில் ஏறிவிடலாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது.

முதற்படியின் விண்ணப்பம் தொழிலாளர் துறையைச் சென்றடைந்த நாளே ஒருவரின் முன்னுரிமைத் தேதி. வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா அறிக்கை ஒன்றை வெளியிடும். அதில் உங்கள் நாட்டுக்கும் பிரிவுக்கும் நேராக அச்சாகியிருக்கும் தேதி, உங்கள் தேதியைத் தாண்டியிருந்தால்தான் மூன்றாம் படியில் அட்டை கிடைக்கும். எங்கள் தேதி 2016 ஏப்ரல். முதலில் இருந்த நிறுவனம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லியே இரண்டரை ஆண்டுகளைக் கழித்துவிட்டது. இரண்டாவது நிறுவனம் வந்தபின்தான் அந்தத் தேதி எங்களுக்கு வாய்த்தது. 2025 ஜூலை அறிக்கையில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுக்கு நேராக அச்சாகியிருந்தது 2013 ஜனவரி 1. அதாவது, நாங்கள் விமானத்தில் வந்திறங்கிய மாதம்.

சங்க மரபில் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றவன் கார்காலத் தொடக்கத்தில் திரும்புவான் என்று ஆற்றியிருத்தல். அந்தக் காத்திருப்புக்கு ஒரு பருவம் எல்லையாக நிற்கிறது. மழை பிந்தலாம், பின்னோக்கிப் பெய்வதில்லை. விசா அறிக்கையின் தேதியோ பின்னோக்கியும் நகரும். ஆண்டுக் கணக்கில் ஒதுக்கிய எண்கள் தீரப்போகின்றன என்று தெரிந்தால், இரண்டு ஆண்டுகள் முன்னேறிய தேதி ஒரே மாதத்தில் மூன்று ஆண்டுகள் பின்வாங்கிவிடும். அப்படியொரு காத்திருப்புக்கு நம் இலக்கணத்தில் திணை வகுக்கவில்லை.

*

ஏன் இத்தனை நெரிசல்? விடை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலைவாய்ப்பு வழியாக ஓர் ஆண்டுக்கு 1,40,000 அட்டைகள்; எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று அது வரையறுத்தது. கணக்கிட்டால் நாடொன்றுக்கு ஏறத்தாழ 9,800. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. எங்கள் இரண்டாம் பிரிவுக்கு மட்டும் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2,800. பணியாளரின் துணைவரும் பிள்ளைகளும் இதே எண்ணிக்கையில்தான் அடங்குவர். எங்கள் குடும்பம் ஒன்றே மூன்று எண்களை எடுத்துக்கொள்ளும். பிற நாட்டவர் பயன்படுத்தாமல் மிச்சம் வைப்பவை வந்து சேரும் ஆண்டுகளில் தேதி சற்று ஓடும். மற்ற ஆண்டுகளில் ஊரும்.

1965இல் இந்நாடு, பிறப்பிடத்தைக் கொண்டு ஆளை அளக்கும் பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து அதிபர் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். அதற்கு முன், 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியர்களுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் நூறு. அந்த நூறோடு ஒப்பிட்டால் எங்கள் நிலை எவ்வளவோ மேல்தான். ஆனால் வரிசையில் நிற்கும்போது அளக்கப்படுவது நாங்கள் கற்ற கல்வியோ செய்த வேலையோ அன்று. எந்த நாட்டு எல்லைக்குள் எங்கள் தாயாருக்கு வலி எடுத்தது என்பதுதான்.

இதை நாங்கள் உணர்ந்த விதம் சற்று விசித்திரமானது. எங்களில் ஒருவரின் தந்தை எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பணிபுரிந்தார். தாயாரும் அவரோடுதான் இருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும் என்று கும்பகோணத்துப் பாட்டி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத, ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துவந்தார்கள். பிறப்பு கும்பகோணத்தில். நகராட்சி கொடுத்த சான்றிதழில் பெயருக்குரிய இடத்தில் "பெண் குழந்தை" என்று மட்டும் எழுதியிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்துத் தங்கை பிறந்தபோது பாட்டி உயிரோடில்லை. அழைத்துவர ஆளில்லாததால் அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தாள்.

தங்கையும் மென்பொருள் துறைக்கே வந்தாள். எங்களுக்கு ஓராண்டு கழித்து, 2014இல், மதுரைக்காரக் கணவரோடு அமெரிக்காவுக்கு வந்தாள். அவளிடமும் இந்தியக் கடவுச்சீட்டுதான். ஆனால் வரிசைக்குக் கணக்கு பிறந்த நாடு. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது பொருட்டன்று. கணவன் மனைவியரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் மற்றவரும் சேர்ந்துகொள்ளலாம் என்பது விதி. எனவே மதுரை மருமகனும் சிங்கப்பூர்க் கணக்கில் ஏறிவிட்டார். 2017இல் இருவர் கையிலும் கிரீன் கார்டு இருந்தது. எங்களுக்கு அந்த ஆண்டில்தான் இரண்டாம் படியே முடிந்தது. பாட்டியை நாங்கள் நொந்துகொண்டதில்லை. பேத்தியைத் தன் மடியில் வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு கிழவிக்கு, அமெரிக்கக் காங்கிரஸின் ஏழு விழுக்காடு எப்படித் தெரியும்?

*

வேறு வழிகளே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று பார்த்திருக்கிறோம்.

முதற்பிரிவு, அசாதாரணத் திறனாளர்களுக்கானது. விருது, பிறர் நம்மைப் பற்றி எழுதியது, பிறர் பணிகளை மதிப்பிட்ட அனுபவம், துறைக்கு அளித்த பெரும் பங்களிப்பு என்று பத்து அளவுகோல்கள்; பெருவிருது எதுவும் இல்லாதவர் இவற்றில் மூன்றையாவது எட்டவேண்டும். எட்டியபின்னும் மொத்தமாக ஒருமுறை எடைபோடுவார்கள். நிறுவனத்தின் தயவு தேவையில்லை. நமக்கு நாமே மனுச் செய்யலாம். இந்தியர்களுக்கு இதிலும் வரிசை வந்துவிட்டது. 2025 ஜூலையில் அதன் தேதி 2022 பிப்ரவரி. எங்கள் வரிசையோடு ஒப்பிட்டால் அது நெடுஞ்சாலை. ஆனால் வங்கி ஒன்றின் பின்கட்டில் ஓடும் மென்பொருளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழுதின்றி ஓடவைப்பவரை யாரும் செய்தித்தாளில் எழுதுவதில்லை. பணம் கட்டினால் கேடயம் தரும் விருதுகள் முளைத்திருக்கின்றன; அந்தக் கேடயங்களை வீட்டில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கும் முதற்பிரிவில் இடமுண்டு. அதே நிறுவனக் குழுமத்துக்காக வெளிநாட்டில் ஓராண்டாவது மேலாளராக இருந்திருக்கவேண்டும். இதற்காகவே சென்னைக்குப் போய் ஓராண்டு மேலாளராக இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், தமக்குக் கீழே இருந்த அதே அமெரிக்கக் குழுவைத்தான் அங்கிருந்து தொலைபேசியில் நிர்வகித்தார். அவருக்குக் கிடைத்தது, நாங்கள் மகிழ்ந்தோம்.

தேசிய நலன் விலக்கு என்ற ஒன்றைப் பற்றி நண்பர்களிடையே பெருங்குழப்பம் உண்டு. நம் பணி தேசத்துக்கு முக்கியமானது என்று நிறுவினால், விளம்பரமும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம் என்று விலக்களிப்பார்கள். இதற்கான மூன்று சோதனைகளை 2016இல் ஒரு தீர்ப்பு வகுத்தது. ஆனால் இது இரண்டாம் பிரிவுக்குள்ளேயே அடங்குவது. விலக்குக் கிடைப்பது நிறுவனத்திலிருந்துதான், வரிசையிலிருந்து அன்று. இந்தியாவில் பிறந்தவர் அதே தேதிக்குத்தான் காத்திருக்கவேண்டும்.

இனி, பணம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமப்புறங்கள், வேலையின்மை மிகுந்த பகுதிகள் போன்றவற்றில் 8,00,000 டாலர் முதலீடு செய்து பத்து வேலைகளை உருவாக்கினால் ஐந்தாம் பிரிவில் இடமுண்டு. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கோல்டு கார்டுக்குப் பத்து லட்சம் டாலர். அது முதலீடுகூட அன்று, அரசுக்கு அளிக்கும் கொடை. இந்த வாசலில் நாங்கள் நிற்கவில்லை, தெருவிலிருந்து பார்த்தோம்.

*

விதிமாற்றங்களின் கதை தனி. மூத்த நண்பர்கள் 2007 ஜூலையை இன்றும் ஒரு திருவிழாவைப் போல நினைவுகூர்வார்கள். எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்த அரசு, ஜூலை 2ஆம் நாள் அதைத் திரும்பப் பெற்றது. வதைபட்டவர்கள், முன்னாபாய் படத்தின் காந்திகிரி முறையில், குடிவரவுத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பினார்கள். பூக்கள் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் இருந்த வீரர்களுக்குப் போயின. ஜூலை 17ஆம் நாள் அரசு இறங்கிவந்தது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பிக்கலாம் என்றது.

2019இல் நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியபோது நாங்கள் பாயசம் வைத்தோம். மேலவை 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைப்பதற்குள் அவையின் காலம் முடிந்து மசோதா காலாவதியாயிற்று. அதே 2020 அக்டோபரில், பெருந்தொற்றால் குடும்ப விசாக்கள் மிஞ்சியதால், மூன்றாம் பிரிவில் விண்ணப்பிக்கும் தேதி 2015 ஜனவரிவரை பாய்ந்தது. முதுகலை படித்து இரண்டாம் பிரிவில் நின்ற நண்பர்கள் தம்மைத் தாமே மூன்றாம் பிரிவுக்கு இறக்கிக்கொண்டு விண்ணப்பித்தார்கள். எங்களுக்கு அதற்கும் பதினைந்து மாதம் குறைந்தது. மிஞ்சிய எண்களையாவது முழுதும் கொடுத்தார்களா என்றால், 2021 நிதியாண்டின் முடிவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை பயனின்றிக் கழிந்தன.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்ற ஆணை வெளியாயிற்று. ஞாயிறு அதிகாலை முதல் நடைமுறை. அந்த ஞாயிறு மகாளய அமாவாசை. தந்தைக்குத் தர்ப்பணம் செய்ய ஸ்ரீரங்கம் சென்றிருந்த நண்பர் ஒருவர், அம்மா மண்டபத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் சென்னை விமான நிலையத்தில் நின்றார். புதிய மனுக்களுக்கு மட்டுமே கட்டணம் என்ற விளக்கம் சனிக்கிழமை வந்தது. அதற்குள் அவர் வானில் இருந்தார்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கே வந்தது. 2015இல் பிறந்த ஒரு விதியால், ஐ-140 ஏற்கப்பட்டவரின் துணைவருக்கு வேலை அனுமதி கிடைத்துவந்தது. எங்களில் மற்றவர் அந்த அனுமதியில் 2017 முதல் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், புதிய அட்டை வரும்வரை பழையது தானாக நீளும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு அந்த வசதி நின்றது. பழைய அட்டை காலாவதியான நாளுக்கும் புதியது வந்த நாளுக்கும் நடுவே ஏழு வாரங்கள். ஆய்வகம் இடத்தை நிரப்பாமல் காத்திருந்தது. அது அவர்களின் நல்ல மனம். சட்டம் அவர்களை வற்புறுத்தவில்லை.

*

இவையெல்லாம் பெரியவர்கள் பாடு. தாங்கிக்கொள்ளலாம். மகளின் கணக்கு வேறு.

2009 ஆகஸ்டில் பிறந்தவள். 2030 ஆகஸ்டில் 21 வயது நிறையும். அன்றைக்கு எங்கள் தேதி வந்திராவிட்டால், சட்டத்தின் பார்வையில் அவள் எங்கள் குழந்தையல்லள், வரிசையிலிருந்து விழுந்துவிடுவாள். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறு சலுகை தருகிறது: ஐ-140 மனு நிலுவையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் மனு விரைவுக் கட்டணத்தில் பதினைந்து நாட்களுக்குள் முடிந்தது. எனவே கழிவும் அவ்வளவே. பதினொரு மாதம் தூங்கிய மனுவின் சொந்தக்காரருடைய மகனுக்குப் பதினொரு மாதம் வயது குறைகிறது! எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவது என்பதையும் 2023இல் பிள்ளைகளுக்குச் சாதகமாக மாற்றினார்கள்; 2025 ஆகஸ்ட் 15 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்குப் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

ஹெச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி இல்லை. கோடை விடுமுறையில் தோழியர் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போகும்போது, அவள் நூலகத்தில் சம்பளமின்றிப் புத்தகம் அடுக்குவாள். 21க்குப் பின் இங்கே தங்க அவளுக்குள்ள எளிய வழி மாணவர் விசா. அதற்கு, படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பும் எண்ணம் உண்டு என்று காட்டவேண்டும். மூன்று வயதில் திருச்சியை விட்டுவந்த பெண் அதைப் படித்துவிட்டு எங்களிடம் கேட்டாள்: "தாயகம்னு எந்த அட்ரஸ் எழுதணும்?"

நாங்கள் தாத்தா வீட்டு முகவரியைச் சொன்னோம். பின்கோடு உட்பட எழுதிவைத்துக்கொண்டாள். அந்த வீட்டை விற்றுவிடலாமா என்று பெரியப்பாவோடு பேச்சு நடந்துகொண்டிருந்த மாதம் அது.

*

அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். பேச்சின் முடிவில் தெளிவானது ஒன்றே. ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டால், நிறுவனம் மாறினாலும் தேதி நம்மோடு வரும். 2020இல் நாங்கள் மூன்றாவது நிறுவனத்துக்கு அதைக் கொண்டுசென்றோம். நாட்டை விட்டுச் சென்றாலும் அந்தத் தேதி அழியாது. பின்னாளில் நம்மை வேண்டும் நிறுவனம் ஒன்று இருந்தால், வரிசை நம்மை அடையும்போது திருச்சியிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ தூதரகம் வழியாகவே வரலாம். இத்தனை ஆண்டுகளும் நாங்கள் செய்த ஒவ்வொரு முடிவையும், வீடு வாங்காததையும், பெற்றோரின் மணிவிழாவுக்கு ஒருவர் மட்டும் போனதையும், அந்தத் தேதியைக் காக்கிறோம் என்று எண்ணித்தான் செய்தோம். காவலே தேவைப்படாத பொருள் அது.

2023 ஜூலையில் கனடா, ஹெச்-1பி வைத்திருப்போருக்கான பத்தாயிரம் வேலை அனுமதிகளுக்கு விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது; இரண்டே நாளில் தீர்ந்தன. அப்போது நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. அந்தச் சிறப்புத் திட்டம் முடிந்துவிட்டது. ஆனால் கனடாவின் வழக்கமான வாயில் இருக்கிறது. அதற்கான மொழித் தேர்வை எங்களில் ஒருவர் எழுதியாயிற்று. மகள் இங்குள்ள கல்லூரிகளோடு வாட்டர்லூவுக்கும் டொராண்டோவுக்கும் விண்ணப்பிப்பாள். எங்கு இடம் கிடைத்தாலும், 2030ஐ மனத்தில் வைத்து எந்தக் கல்லூரியையும் அவள் விலக்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டோம். பிரிந்திருக்க நேரலாம். பிரிவு பாலைக்கு உரியது. அதற்காவது இலக்கணத்தில் இடமிருக்கிறது.

புதிதாக வர எண்ணும் தம்பி தங்கைகளுக்குச் சில சொற்கள். வேலையை ஏற்குமுன், பெர்ம் விண்ணப்பத்தை எந்த ஆண்டில் தொடங்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஐ-140 ஏற்பின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரின் பிறந்த ஊரையும் பாருங்கள். பெற்றோர் எந்நாட்டில் வேலை பார்த்தார்கள் என்பதைவிட எங்கே பேறுகாலம் நடந்தது என்பது முக்கியம். பிள்ளையின் வயதை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள். பெயரற்ற பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதைப் பற்றி நகராட்சியில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

திருச்சி வீட்டை விற்கவேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். மாடியறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்ப்பதாகச் சொன்னார்.